வெள்ளை ரிப்பன் செடிகள்

மண்ணை எந்த ஆழத்தில் அள்ளுவது, வேருக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் எப்படிப் பார்ப்பது என்பதையெல்லாம் உங்களுக்குக் கற்றுத்தர என்னைவிடத் தேர்ந்தவர்கள் அலுவலகத்தில் இருக்கிறார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டபோது, நான் ஒழுங்காகச் செய்து முடித்த ஒரு வேலையைப் பற்றித்தான் முதலில் எழுதினேன். இரண்டு பக்கம் போனதும் கிழித்துவிட்டேன். ஒழுங்காக முடிந்த வேலையிலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

அதனால் என் பணிக்காலத்தில் நான் எழுதியவற்றுள் மிகச் சுத்தமான அறிக்கையைப் பற்றிச் சொல்கிறேன். அதில் எண்கள் ஒன்றோடொன்று அப்படிப் பொருந்தின. கம்பெனியின் மேலிடத்தில் ஒருவர்கூடக் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. அந்த அறிக்கை முழுக்கத் தவறு. நான் பொய் எழுதவில்லை; எண்ணியதை எண்ணியபடியேதான் எழுதினேன். அது எப்படித் தவறாகிப் போனது என்று தெரியவந்த நாள் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

அப்போது நான் ஹட்டனில், எங்கள் கம்பெனியின் பயிர் ஆலோசனைப் பிரிவில் இருந்தேன். தேயிலைத் தோட்டங்களில் சோதனை நடுகைகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நான் லயத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், பிறந்தவள். என் அம்மா கொழுந்து எடுத்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. தோட்டத்து ஆட்களின் மனது எனக்குத் தெரியும் என்ற நினைப்பு எனக்கு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன்.

தேயிலைக் கன்றுக்கு அது பார்க்கும் முதல் வறட்சிதான் கண்டம். ஆனி மழையில் நட்ட கன்று, தை பிறந்து மழை நின்றதும் திணறத் தொடங்கும். வேர் இன்னும் ஆழமாக இறங்கியிருக்காது. பங்குனி முடிவதற்குள் சில மலைகளில் மூன்றில் ஒன்று காய்ந்துவிடும்.

இதற்கு உதவக்கூடிய ஒரு வகைப் பூஞ்சை மண்ணிலேயே இருக்கிறது. அது வேருக்குள் குடியேறி, அங்கிருந்து மயிரைவிட மெல்லிய நூல்களை மண்ணுக்குள் அனுப்பும். வேர் நுழைய முடியாத இடுக்கிலிருக்கும் ஈரத்தையும் சத்தையும் அந்த நூல்கள் செடிக்குக் கொண்டுவரும். பதிலுக்குச் செடி தன் இலையில் செய்த இனிப்பை அதற்கு ஊட்டும். ஆனால் கன்று வளர்க்கும் தவறணையில், வேர்ப்புழுவைக் கொல்வதற்காக மண்ணைச் சூடேற்றுகிறோம். புழுவோடு இந்த நல்ல பூஞ்சையும் செத்துப்போகிறது. அதைத் திரும்பச் சேர்த்தால் கன்று வறட்சியைத் தாங்குமா? அதுதான் சோதனை.

இடம், நோர்வூட்டுக்கும் பொகவந்தலாவைக்கும் நடுவிலிருந்த ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே ஆறாம் நம்பர் மலையில் பழைய தேயிலையைப் பிடுங்கி, இரண்டு வருடம் மானாப்புல் வளர்த்து மண்ணை ஆறப்போட்டுப் புதுக்கன்று நடத் தயாராக இருந்தார்கள். பாதிக் கன்றுகளின் வேரில் பூஞ்சை சேர்த்தோம். அந்த நிரைகளுக்கு நீல ரிப்பன். மீதிப் பாதிக்கு ஒன்றும் சேர்க்கவில்லை. அவற்றுக்கு வெள்ளை ரிப்பன். நடவும் பராமரிக்கவும் எட்டுப் பெண்களை ஒதுக்கினார்கள். ஆளுக்கு நாலு நீல நிரை, நாலு வெள்ளை நிரை.

நட்ட அன்று காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் அந்த எட்டுப் பேரிடமும் பேசினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஜீப்பை முடுக்கி வைத்துக்கொண்டு டிரைவர் காத்திருந்தார்.

"நீல ரிப்பன் செடிங்களுக்கு வேருல ஒரு பூசணம் சேர்த்திருக்கோம். வெள்ளை ரிப்பனுக்கு ஒண்ணும் சேர்க்கல. ரெண்டையும் ஒரே மாதிரிப் பாத்துக்குங்க."

"சரி மிஸ்" என்றார்கள்.

நான் பேசியது அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அந்த வருட வறட்சி கொடூரமாக இருந்தது. மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றி, எப்போதோ மூழ்கிப்போன கோயிலின் சுவர்கள் வெளியே தெரிந்தன. எனக்கோ, வெட்கத்தோடு சொல்கிறேன், உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். சோதனைக்கு இதைவிட நல்ல வருடம் கிடைக்காது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பதினொரு மணி வாக்கில் மலைக்குப் போவேன். அந்தப் பெண்கள் மானாப்புல்லை வெட்டி ஒவ்வொரு கன்றின் அடியிலும் மூடாக்கு போட்டிருந்தார்கள். வெள்ளை நிரைகளில் அது இன்னும் நேர்த்தியாக, பாய் விரித்ததுபோல் இருந்தது. 'மூடாக்கு மிக நேர்த்தி' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

வெள்ளைக் கன்றுகள் காயவேண்டிய நேரத்தில் காயவில்லை. முதலில் ஆச்சரியமாக இருந்தது. பிறகு ஏமாற்றமாக இருந்தது.

பங்குனி நடுவில் தோட்டத்துக் கண்டாக்கையா, அதாவது அந்த மலையின் வேலைகளை மேற்பார்வை செய்பவர், வேறு விஷயமாகப் போன் எடுத்தார். பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார்.

"நம்ம சோதனை மலையில வேலை செய்யிற சிவபாக்கியம் காலை ஒடிச்சுக்கிட்டா மிஸ். தண்ணி தூக்குறப்போ விழுந்துட்டாளாம். ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு."

"ஐயோ பாவம். எங்க விழுந்தாங்க?"

"லயத்துப் பக்கந்தான். காலைல வேலைக்கு வர முன்னாடி."

சிவபாக்கியம் அந்த எட்டுப் பேரில் ஒருத்தி. நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் எப்போது போனாலும் அவள்தான் முன்னால் வந்து பேசுவாள். ஒரு பால்மாப் பாக்கெட்டும் பிஸ்கட்டும் வாங்கி அனுப்பிவிட்டேன். அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. இதைக் கவனியுங்கள்: அவள் விழுந்த செய்தி, நான் அறிக்கை எழுதுவதற்கு முன்பே என் காதுக்கு வந்துவிட்டது.

சித்திரை மழைக்குப் பின் செத்த கன்றுகளை எண்ணினோம். நீலத்தில் சொற்பம். வெள்ளையிலும் அதே சொற்பம். வேர்களை எடுத்துப் பார்த்தேன். நீலத்தின் வேர் முழுக்கப் பூஞ்சை பரவியிருந்தது; வெள்ளையின் வேரில் தேடித்தான் பார்க்கவேண்டியிருந்தது. பூஞ்சை நன்றாகவே பிடித்திருக்கிறது, ஆனால் அதனால் செடிக்கு ஒரு பயனும் இல்லை. இதைவிடத் தெளிவான முடிவு உண்டா? ஒரே பக்கத்தில் எழுதினேன். பூஞ்சை வளர்க்கக் கட்டத் தொடங்கியிருந்த கொட்டகையை நிறுத்திவிட்டார்கள். அடுத்து நடவிருந்த பதினோராம் நம்பர் மலைக்குக் கன்றுகளைப் பூஞ்சை சேர்க்காமலே தயார் செய்யச் சொன்னார்கள். அது காற்று அறையும் முகடு. பக்கத்தில் ஓடையும் இல்லை, ஊற்றுநீர் விழும் பீலியும் இல்லை.

புரட்டாதியில் வேறு வேலையாக அந்தத் தோட்டத்துக்குப் போனேன். சிவபாக்கியம் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை என்றார்கள். எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று லயத்துக்குப் போனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில், காலை ஒரு பெட்டிமேல் நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கீங்க சிவபாக்கியம்?"

"இருக்கேன் மிஸ். உள்ளுக்குக் கம்பி வச்சிருக்காங்க. குளிர் எறங்குனா குடையுது."

"பைப்படியிலயா வழுக்குச்சு?"

"இல்லீங்களே. ஆறாம் நம்பர் மலையில. மேல் நிரைக்கு ஏறுற கல்படி இருக்குல்ல, அங்கதான். கேன் தோள்ல இருந்துச்சு. கால் வைக்கிற எடம் தெரியல."

"மலையிலயா? எந்தக் கேன்?"

"தண்ணிக் கேன்."

"மலைக்கு எதுக்குத் தண்ணி?"

அவள் கீரையைக் கீழே வைத்தாள். நான் தெரிந்துகொண்டே ஆழம் பார்க்கிறேனோ என்று சந்தேகப்பட்டதுபோல் என் முகத்தைப் பார்த்தாள்.

"வெள்ளை ரிப்பன் செடிக்குத்தான் மிஸ்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. காதில் விழுந்த சொற்கள் உள்ளே போகவில்லை. விளங்கியதும் வாசல் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"எத்தனை நாள் ஊத்துனீங்க?"

"தைப்பொங்கல் முடிஞ்சு ஆரம்பிச்சோம். மழை விழுற வரைக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள், செடிக்கு ஒரு செரட்டை. புல்லை வெலக்கி வேருல ஊத்திட்டுத் திரும்ப மூடிருவோம், வெயில் குடிச்சிராம. பெரட்டுக்கு முன்னாடியே போயிருவோம்."

"ஊத்துனோம்னா? வேற யாரு?"

"எட்டுப் பேருந்தான். நான் விழுந்த பொறகு என் நிரைக்கும் அவங்களே சேர்த்து ஊத்துனாங்க."

"அந்த நேரத்துல லயத்துக்கே தண்ணி இல்லையே, சிவபாக்கியம்! எங்கருந்து எடுத்தீங்க?"

"பைப்புல ஒரு மணி நேரந்தான் வந்துச்சு. அரிசி கழுவுன தண்ணி, சட்டிபானை கழுவுன தண்ணி எல்லாத்தையும் சேர்த்து வைப்போம். துணி தொவைக்கிறத விட்டுட்டோம். கடைசி மூணு கெழமை அதுவும் பத்தல." கொஞ்சம் தயங்கினாள். "குடிக்க வச்சிருந்ததுலயும் எடுத்தோம். புள்ளைங்களுக்கு ஒதுக்கிட்டுத்தான் மிஸ் எடுத்தோம்."

என்னால் அவள் காலைப் பார்க்க முடியவில்லை.

"ஏன்? யாராவது ஊத்தச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. நீங்கதானே நீல ரிப்பன் செடிக்கு வேருல பூசணம் வச்சிருக்கோம்னு சொன்னீங்க?"

"ஆமா."

"அது இன்னிக்கில்லாட்டி நாளைக்கு எப்படியும் செத்துரும்தானே? மிச்சம் இருக்கிறது வெள்ளை மட்டுந்தான். அதுவும் காஞ்சுட்டா அந்த மலைய மூடிருவாங்க. எங்களுக்கு வேலை ஏது? அதான், வெள்ளையையாவது காப்பாத்துவோம்னு…"

அவளே தொடர்ந்தாள்.

"முன்னாடி அந்த மலையில வேருல பூசணம் புடிச்சுத்தானே தேயிலை பட்டுப்போச்சு. நாங்கதான் மிஸ் ஒவ்வொரு வேரா தோண்டி எடுத்து எரிச்சோம். ஒரு துண்டு வேர்கூட மண்ணுல இருக்கக் கூடாதுன்னு கண்டாக்கையா நின்னு பார்த்தாரு. அந்த எடத்துலயே திரும்பவும் பூசணம் வைக்கிறாங்களே, பெரியவங்க ஏதோ பாக்குறாங்க போலன்னு நெனச்சோம்."

அந்த மலையில் பழைய தேயிலை வேரழுகலால் போனது எனக்குத் தெரியும். என் அறிக்கையின் முதல் வரியே அதுதான். தோட்டத்தில் பூசணம் என்றால் அது ஒரே பொருள்தான்: செடியைக் கொல்வது, தோண்டி எரிக்கவேண்டியது. அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் நானும் லயத்தில் வளர்ந்தேன். அதே சொல்லை, அதே மலையில், அந்த வேரை எரித்த அதே பெண்களின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போயிருக்கிறேன்.

அவளிடம் உண்மையைச் சொன்னேன். இது கெட்ட பூசணம் இல்லை, செடிக்கு நீர் கொண்டுவந்து கொடுக்கும் நல்லது என்றேன். வெள்ளைச் செடிகளை ஏன் நட்டோம் என்றும் சொல்லவேண்டியிருந்தது.

"ஒண்ணும் செய்யாம விட்டா எத்தனை காயுதுன்னு தெரிஞ்சாதான், நீலத்துல எத்தனை பொழைச்சதுன்னு சொல்ல முடியும். அதுக்காகத்தான் வெள்ளை."

சிவபாக்கியம் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். என் வாழ்க்கையில் ஒருவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"சாகுதான்னு பாக்கவா மிஸ் எங்க கையால நட வச்சீங்க?"

பிறகு அவள் மெதுவாகக் கேட்டதுதான் என்னை நொறுக்கியது.

"அப்போ நாங்க ஊத்துனது தப்பா?"

நோர்வூட்டிலிருந்து ஹட்டனுக்கு வந்த பஸ்ஸில் என்ன நினைத்தேன் என்று எனக்குத் தெரியாது. இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மறுநாள் எங்கள் பிரிவின் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிங்களவர், நல்ல மனிதர், வேலையில் என்னைத் தூக்கிவிட்டவர். முழுதும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறிக்கை ஏற்கப்பட்டுவிட்டது, பதினோராம் மலைக்குக் கன்றுகள் தயாராக நிற்கின்றன, மூன்று வாரத்தில் நடுகை, இப்போது இதைச் சொன்னால் உன் பெயரும் கெடும், பிரிவின் பெயரும் கெடும் என்றார். 'இரண்டு நாள் யோசி' என்று முடித்தார். அவர் மிரட்டவில்லை. அக்கறையோடுதான் சொன்னார், அதனால்தான் மறுத்துப் பேசக் கடினமாக இருந்தது.

இரண்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை. பேசாமல் இருந்துவிடலாம் என்றும் நினைத்தேன். யாருக்கும் தெரியாது, பூஞ்சைச் சோதனையை வேறு யாராவது வேறு எங்காவது திரும்பச் செய்வார்கள். மூன்றாம் நாள் நடுகைத் தாள் என் கையெழுத்துக்கு வந்தது. பதினோராம் மலைக்கு ஒதுக்கிய ஆட்களின் பட்டியல் அதோடு இணைத்திருந்தது. அதே பெண்கள், சிவபாக்கியம் மட்டும் இல்லை. அடுத்த வறட்சியில், ஓடையில்லாத அந்த முகட்டுக்கு இவர்கள் எதைத் தூக்கிக்கொண்டு ஏறப்போகிறார்கள்? பேனாவை வைத்துவிட்டேன்.

ஆனால் ஒன்று புரிந்தது. நான் உண்மையைச் சொன்னால், அனுமதியில்லாமல் சோதனையைக் கெடுத்தவர்கள் என்று பழி அந்தப் பெண்கள்மேல் விழும். அன்று மத்தியானமே திரும்பவும் தோட்டத்துக்குப் போனேன். எட்டுப் பேரையும் சிவபாக்கியத்தின் வீட்டில் உட்கார வைத்துச் சொன்னேன். அவர்களுக்கும் முதலில் அதிர்ச்சிதான். ஒருத்தி அழுதாள். கடைசியில் சிவபாக்கியம் சொன்னாள்.

"சொல்லுங்க மிஸ். எங்க பேரை மட்டும் சொல்லிராதீங்க."

"நீங்க மலையில விழுந்தீங்கன்னு சொன்னா உங்களுக்குச் சேரவேண்டியது ஏதாவது கிடைக்கலாமே."

"எனக்குக் கெடைக்கும். இவங்க ஏழு பேரும் பதில் சொல்லணும். வேணாம் மிஸ்."

அதனால் தோட்டத்துப் பதிவில் அவள் இன்றுவரை லயத்துப் பக்கம் விழுந்தவளாகவே இருக்கிறாள். என்னால் திருத்த முடியாமல் போன ஒன்று அது.

நடுகைக்கு முன் நடந்த கம்பெனிக் கூட்டத்தில் எழுந்து, என் அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். வெள்ளை நிரைகளுக்கு வறட்சி முழுவதும் தண்ணீர் ஊற்றப்பட்டிருக்கிறது, அதனால் அந்த எண்களிலிருந்து எதையும் சொல்ல முடியாது என்றேன். மேலிடத்திலிருந்து வந்திருந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"யார் ஊற்றியது?"

ஏன் ஊற்றினார்கள் என்று அவர் கேட்பார் என்றுதான் நான் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். யார் என்று கேட்டதும் ஒரு கணம் தடுமாறிப் போனேன்.

"பெயர் சொல்ல மாட்டேன் சார். ஊற்றக்கூடாது என்று யாருக்கும் நான் சொல்லவில்லை. ஏன் நடுகிறோம் என்றும் சொல்லவில்லை. அறிக்கையில் இருப்பது என் கையெழுத்து மட்டுந்தான்."

"அப்படியானால் ஒரு வருட வேலை வீண்."

"ஆமாம் சார்."

அவர் கோப்பை மூடினார். எங்கள் தலைவர் மேசையைப் பார்த்தபடி இருந்தார்; பிறகு யாரும் எதிர்பார்க்காத வகையில், கன்றுகளை வீணாக்க வேண்டாம், மலையில் நடட்டும், ஆனால் அதில் ஒரு மூலையைத் திரும்பச் சோதனைக்கு ஒதுக்குங்கள் என்று கேட்டார். கிடைத்தது. எனக்கு அந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அதற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை.

இரண்டாம் சோதனையை நடுவதற்கு முன் பெரட்டில் ஒரு மணி நேரம் பேசினேன். ஜீப்பைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பூசணம் என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை. 'வேர் நூல்' என்றேன். ஒரு பூதக்கண்ணாடியும் படமும் கொண்டுபோய்க் காட்டினேன். வெள்ளைச் செடிகள் எதற்கு என்று சொன்னதும் ஒருத்தி எழுந்தாள்.

"செத்தா எங்களை ஏச மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"நீங்க சொல்லுவீங்க மிஸ். நீங்க ஹட்டனுக்குப் போயிருவீங்க."

அவள் சொன்னது சரி. தோட்ட மேலாளரான பெரிய தொரையிடம் போய், வெள்ளை நிரையில் எத்தனை செடி காய்ந்தாலும் எந்தத் தொழிலாளிமீதும் குற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவந்து, பெரட்டில் சத்தமாகப் படித்தேன். அதன்பிறகுதான் மண்வெட்டியை எடுத்தார்கள். இன்று நீங்கள் ஒவ்வொரு சோதனைக்கும் அந்தக் கடிதத்தை ஒரு படிவமாக நிரப்பிக் கொடுக்கிறீர்கள். அது எப்படி வந்தது என்று இப்போது தெரியும். அதைப் பெரட்டில் படிக்காமல் கோப்புக்குள் மட்டும் வைப்பவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். செய்யாதீர்கள்.

முடிவைக் கேட்பீர்கள். நீலத்திலும் செத்தன. வெள்ளையில் அதைவிட அதிகமாகச் செத்தன. முகட்டின் உச்சியில், பாறைக்கு மேலே ஒரு சாண் மண் மட்டும் இருந்த இடத்தில், இரண்டுமே போய்விட்டன. பூஞ்சை மந்திரம் இல்லை. கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் பாதியில் நின்ற கொட்டகையைக் கட்டி முடித்தோம்.

அந்த வறட்சியின் நடுவில் எடுத்த ஒரு கணக்கெடுப்புக்குச் சிவபாக்கியம் என்னோடு வந்தாள். அப்போது அவளைத் தவறணையில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாற்றியிருந்தார்கள். கூப்பிட்டதும் தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டாள். மாசி மாத வெயில். ஒவ்வொரு நிரையாக நடந்து, அவள் சொல்லச் சொல்ல நான் குறித்தேன். ஒரு வெள்ளை நிரையின் நடுவில் ஒரு கன்று. மேலிலைகள் சுருண்டு தொங்கின. தண்டில் இன்னும் பச்சை இருந்தது. நகத்தால் கீறிப் பார்த்தேன். உயிர் இருக்கிறது. ஒரு வாய் தண்ணீர் கிடைத்தால் பிழைத்துக்கொள்ளும். நாளை மறுநாள் வரை தாங்காது.

குனிந்த நான் நிமிரவில்லை. என் பையிலிருந்த தண்ணீர் போத்தல் எப்போது கைக்கு வந்தது என்று எனக்கே தெரியாது. மூடியைத் திறந்திருந்தேன். கையால் புல்லை விலக்கியும் இருந்தேன்.

"மிஸ்."

தலையைத் தூக்கினேன். சிவபாக்கியம் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபமோ கேலியோ அந்த முகத்தில் இல்லை. என்னைவிட அவளுக்குத்தான் அதிர்ச்சி.

"ஊத்திராதீங்க மிஸ்."

"இன்னும் உயிர் இருக்கு சிவபாக்கியம்."

"தெரியும். நான்தான் பார்த்தேனே." தடியை மாற்றி ஊன்றினாள். "எழுதிக்குங்க. எட்டாவது செடி, இன்னும் சாகல."

எழுதினேன். எட்டு சரியாக விழவில்லை. அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அவள் அடுத்த செடிக்குப் போய்விட்டாள்.